டிஎன் 72 விளையாட்டு: கொடுத்த எழுத்தெல்லாம் உள்ள இங்கிலீஷ் வார்த்தையை எப்படித் தேடுறது?

பேட்டை மதினி

எல்லாருக்கும் வணக்கம். வீட்டு மாடியில சாயங்காலம் டியூஷன் எடுக்கேன், ஏழாவது எட்டாவது படிக்கிற பிள்ளைங்க. அதுகளுக்குள்ள ஒரு விளையாட்டு ஓடுது. ரோட்டுல போற வண்டி நம்பர் பிளேட்டுல உள்ள எழுத்தையெல்லாம் எடுத்து, அத்தனையும் உள்ள ஒரு இங்கிலீஷ் வார்த்தை சொல்லணும். டிஎன் 72 பிகே-ன்னு ஒரு பைக் போச்சுன்னா டி, என், பி, கே நாலும் வரணும். ‘பிளாங்கெட்’னு சொன்னா பாயிண்ட். நடுவுல வேற எழுத்து எத்தனை கலந்தாலும் பரவாயில்லை.

நடுவர் வேலை என் தலையில. பிள்ளைங்க சொல்லுறது சரியா, அதைவிட நல்ல வார்த்தை உண்டான்னு பார்க்க நெட்ல தேடுனேன். ஒரு தளத்துல அந்த நாலு எழுத்தையும் போட்டா ஒண்ணுமே இல்லைங்குது. இன்னொண்ணுல போட்டா சம்பந்தமே இல்லாம ரெண்டெழுத்து, மூணெழுத்து வார்த்தையா வருது. விளம்பரம் வேற பாதித் திரையை மறைக்குது. நானே ஒரு பட்டியல் எடுத்து வச்சுக்கிட வழி இருக்கா?

ஒரு வழக்கும் இருக்கு. நம்ம அரசு பஸ்ஸெல்லாம் டிஎன் 72 என்-னுதானே வரும்? ஒருத்தி ‘ஸ்டேஷன்’னு சொன்னா. பக்கத்துல இருந்தவன், “பிளேட்டுல ரெண்டு என் இருக்கு, ஸ்டேஷன்ல ஒண்ணுதான், செல்லாது”ன்னுட்டான். அன்னைக்கு நடந்த சண்டையில கணக்குப் பாடமே நடக்கலை. யார் சொல்லுறது சரி?

மட்டுறுத்துநர்

நல்ல இழை. வழக்கமான விதிதான்: இங்க தமிழ் எழுத்துல மட்டும் எழுதணும். இங்கிலீஷ் எழுத்தைத் தமிழ்ல எழுதும்போது பாளையங்கோட்டை பி-யா, பெங்களூரு பி-யா, திருநெல்வேலி டி-யா, டெல்லி டி-யான்னு குழப்பம் வரும். ஊர்ப் பேரை வச்சுச் சொல்லிருங்க. மேல மதினி கேட்டது திருநெல்வேலி டி, பெங்களூரு பி.

பாளை வாத்தியார்

மதினி, நெட்டுல ஏன் உளறுதுன்னா, நீங்க கேக்குற கேள்வி ஒண்ணு, அது பதில் சொல்லுற கேள்வி வேற. நாப்பது வருஷமா இங்கிலீஷ் சொல்லிக் கொடுத்த பழக்கத்துல கொஞ்சம் நீட்டிச் சொல்லுதேன், பொறுத்துக்கிடுங்க.

உங்க கேள்வி, “இந்த எழுத்தெல்லாம் இருக்கணும், மத்ததும் இருக்கலாம்.” எழுத்துக் கட்டையைக் கோத்து வார்த்தை அமைக்கிற ஸ்கிராபிள் ஆடுறவங்க கேக்குறது இதுக்கு நேர் எதிர்: “கையில உள்ள இந்த எழுத்தை மட்டும் வச்சு என்ன எழுதலாம்?” டி, என், பி, கே மட்டும்னா உயிரெழுத்தே இல்லை, அப்புறம் வார்த்தைக்கு எங்க போக? அந்தத் தளம் ஒண்ணும் இல்லைன்னு சொன்னது அதனாலதான். ரெண்டாவது தளத்துல ஒண்ணோ ரெண்டோ எழுத்து இருந்தாலே காட்டிட்டு இருந்திருக்கும்.

இன்னும் மூணு வகை உண்டு. உள்ள எழுத்து அத்தனையும் ஒண்ணு கூடாம குறையாம இடம் மாத்துறது, அனகிராம். ‘லிசன்’, ‘சைலன்ட்’, ‘என்லிஸ்ட்’ மூணும் ஒரே ஆறு எழுத்துதான். அடுத்தது, வரிசை மாறக்கூடாதுங்கிறது. டிஎன் சிஎல்-லுக்கு ‘கிளையன்ட்’ உங்க விதிப்படி செல்லும். வரிசையும் வேணும்னா ‘டெக்னிக்கல்’னு சொல்லணும்: டி, என், சி, எல் அப்படியே முறையா வருது பாருங்க. கடைசி வகை, எழுத்து ஒண்ணோட ஒண்ணு ஒட்டியே நிக்கணும்ங்கிறது. டி-யும் என்-னும் ஒட்டி வர்றது இங்கிலீஷ்ல கொஞ்சம்தான். ‘விட்னஸ்’, ‘ஃபிட்னஸ்’, ‘பார்ட்னர்’. நம்ம சட்னியும் இங்கிலீஷ் அகராதியில ஏறியிருக்குலா, அதையும் சேர்த்துக்கிடலாம். தளத்துல தேடும்போது இந்த அஞ்சுல எதுன்னு பார்த்துட்டு எழுத்தைப் போடுங்க.

இப்போ பிள்ளைங்களுக்கு ஒரு தந்திரம். நம்ம ஊர்ப் பிளேட்டுல டி-யும் என்-னும் எப்பவும் உண்டு. இங்கிலீஷ்ல ‘ஷன்’னு முடியுற டி-ஐ-ஓ-என் ஒட்டு, ‘மென்ட்’, ‘யன்ட்’, ‘டிங்’ இதெல்லாத்துலயும் அந்த ரெண்டும் இலவசமா வந்துருது. அப்போ வாலை முதல்ல மாட்டிட்டு, பாக்கி ரெண்டு எழுத்தை மட்டும் தலையில தேடுனா போதும். பிஜே வந்தா ‘அப்ஜெக்ஷன்’. பிவி வந்தா ‘வைப்ரேஷன்’. பிஎக்ஸ் வந்தா ‘எக்ஸிபிஷன்’. ஜேஎக்ஸ் வந்தா எவனும் வாயைத் திறக்க மாட்டான், நம்ம பிள்ளை ‘ஜக்ஸ்டபொசிஷன்’னு போடணும். எக்ஸும் இசட்டும் சேர்ந்து வந்தா ‘ஆக்ஸிடைசேஷன்’, இசட் போட்டு எழுதுற அமெரிக்க ஸ்பெல்லிங்.

வாலுக்குள்ள அடங்காததும் உண்டு. பிடபிள்யூ-வுக்கு ‘பிட்வீன்’, சிஇசட்-டுக்கு ‘சிட்டிசன்’, ஏக்யூ-வுக்கு ‘ஆன்டிக்’, ‘பாங்க்வெட்’. க்யூ-வும் இசட்டும் வந்தா ‘குவான்டைஸ்’.

கல்லிடை அப்பளம்

சார், இன்னொண்ணும் சேர்த்துக்கிடுங்க. சீரிஸ்ல, அதான் ஊர் நம்பருக்கு அப்புறம் வர்ற எழுத்துல, ஐ-யும் ஓ-வும் பொதுவா வராது, ஒண்ணு, பூஜ்யத்தோட குழம்பும்னு விட்டுருவாங்க. அப்போ பிளேட்டுல உயிரெழுத்துன்னா ஏ, ஈ, யூ மட்டும்தான். விளையாட்டு மெய்யெழுத்துலதான் இருக்கு. அரசாங்க ஜீப் வந்தா ஜி சீரிஸ், ‘டிங்’குல முடியுற எதைச் சொன்னாலும் பாயிண்ட். அதுல பந்தயமே கிடையாது.

ஜங்ஷன் கோடு

மதினி, பட்டியல் எடுக்குறது சுலபம். வார்த்தைப் பட்டியல் ஒரு டெக்ஸ்ட் ஃபைலா வேணும், வரிக்கு ஒரு வார்த்தை. அது கிடைச்சா கம்ப்யூட்டர்ல லினக்ஸ் இருக்கிற யாராவது ஒரே வரியில முடிச்சிருவாங்க. கிரெப்-னு ஒரு கட்டளை, கேட்ட எழுத்து உள்ள வரியை மட்டும் விட்டுட்டு மத்ததைத் தள்ளிரும். டி-க்கு ஒரு கிரெப், அதோட வெளியீட்டை என்-னுக்கு ஒரு கிரெப், அப்புறம் பி, அப்புறம் கே. நாலு சல்லடை ஒண்ணுக்குக் கீழ ஒண்ணு வச்ச மாதிரி. நடுவுல செங்குத்துக் கோடு, அதுதான் பைப். பெரிய எழுத்து, சின்ன எழுத்து வித்தியாசம் பார்க்காம இருக்க ஐ சுவிட்சைப் போட்டுக்கிடுங்க.

பஸ் வழக்குக்கு, கிரெப் என்-னை ரெண்டு தடவை போட்டா பிரயோஜனம் இல்லை, ஒரே என் ரெண்டு சல்லடையையும் தாண்டிரும். என், புள்ளி, நட்சத்திரம், என்-னு ஒரே வடிவமா கொடுக்கணும். ஒரு என் வந்து, எதுவோ வந்து, மறுபடி ஒரு என் வரணும்னு அர்த்தம். ‘டென்னிஸ்’, ‘டனல்’, ‘இன்வென்ஷன்’ எல்லாம் நிக்கும், ‘ஸ்டேஷன்’ விழுந்துரும்.

பைத்தான்ங்கிற நிரல் மொழியில செய்யுறவங்க, நிறையப் பேர் ‘செட்’ வச்சு எழுதுவாங்க. பிளேட்டு எழுத்து ஒரு செட், வார்த்தை ஒரு செட், முதல்தது ரெண்டாவதுக்குள்ள அடங்குதான்னு கேப்பாங்க. செட்டுல ஒரு எழுத்து ஒரு தடவைதான் இருக்கும், அப்போ பஸ்ஸும் வெறும் டிஎன்-னும் ஒண்ணாயிரும். அந்தப் பிள்ளை ‘ஸ்டேஷன்’னு சொன்னது செட் கணக்கு. பையன் சொன்னது எண்ணிக்கை கணக்கு. எண்ணிக்கைக்குப் பைத்தான்லேயே ‘கவுண்டர்’னு ஒண்ணு இருக்கு, எந்த எழுத்து எத்தனைன்னு எண்ணி வச்சுக்கிடும். பிளேட்டோட கவுண்டர்ல இருந்து வார்த்தையோட கவுண்டரைக் கழிச்சுப் பாருங்க. மிச்சம் எதுவும் இல்லைன்னா வார்த்தை பாஸ்.

டவுன் கணக்கர்

எல்லார்கிட்டயும் லினக்ஸ் இருக்குமாவே? மதினிகிட்ட எக்செல் இருக்கும். அதைச் சொல்லுங்க.

மதினி, ஏ காலத்துல, அதான் முதல் நெடுவரிசையில, வார்த்தைப் பட்டியலை ஒட்டுங்க. பழைய எக்ஸ்எல்எஸ் ஃபைலா இருந்தா 65,536 வரிதான் பிடிக்கும், பாதிப் பட்டியல் காணாமப் போயிரும். புது வடிவத்துல 10,48,576 வரி உண்டு, தாராளமா போதும். ஃபில்டர்ல போய் ‘கண்டெய்ன்ஸ்’ கொடுக்கலாம்னு பார்த்தா, கஸ்டம் ஃபில்டர்ல ரெண்டு நிபந்தனைதான் கொடுக்க முடியும். நாலு எழுத்துக்கு ஆகாது. அதனால எழுத்துக்கு ஒரு காலம் வையுங்க. ‘சர்ச்’ ஃபார்முலாவை ‘இஸ்நம்பர்’க்குள்ள போட்டா எழுத்து இருந்தா ட்ரூ, இல்லாட்டி ஃபால்ஸ். நாலு காலத்தையும் பெருக்குனா ஒண்ணு வர்ற வரியெல்லாம் உங்களுக்கு வேண்டிய வார்த்தை.

எத்தனை என் இருக்குன்னு எண்ணணும்னா, வார்த்தையோட நீளத்துல இருந்து, ‘சப்ஸ்டிட்யூட்’ வச்சு என்-னையெல்லாம் அழிச்ச பிறகு உள்ள நீளத்தைக் கழிச்சிருங்க. இதுல ஒரு கண்ணி உண்டு: ‘சர்ச்’சுக்குப் பெரிய எழுத்து சின்ன எழுத்து ஒண்ணுதான், ‘சப்ஸ்டிட்யூட்’டுக்கு வேற வேற. முதல்ல ‘லோயர்’ போட்டு எல்லாத்தையும் சின்ன எழுத்தாக்கிடுங்க.

அம்பை அண்ணாச்சி

எல்லாரும் சல்லடையைப் பத்திப் பேசுதீய, அரிசி எந்தக் கடைன்னு யாரும் கேக்கலை. எந்தப் பட்டியல்ல தேடுதோம்ங்கிறதுதான் பெரிய விஷயம். நான் ஸ்கிராபிள் கிறுக்கு, அதனால இதுல கொஞ்சம் அடிபட்டவன்.

உபுண்டுங்கிற லினக்ஸ் கூட வர்ற பட்டியல்ல அப்பாஸ்ட்ரஃபி எஸ் போட்ட வார்த்தையெல்லாம் கலந்து கிடக்கும், ஆள் பேரும் ஊர்ப் பேரும் இருக்கும். ஆப்பிளோட மேக் கம்ப்யூட்டர்ல உள்ளது 1934-ல் வந்த வெப்ஸ்டர் அகராதியில இருந்து எடுத்தது, 2,34,000-க்கு மேல வார்த்தை. எண்ணிக்கையைப் பார்த்து ஏமாறாதீய. பன்மை வடிவம் நிறைய இருக்காது, யாரும் கேள்விப்படாத செடி கொடிப் பேரு குவிஞ்சு கிடக்கும். ‘எனேபிள்’னு ஒரு பட்டியல் உண்டு, 1,72,000-க்கு மேல வார்த்தை, உரிமைக் கட்டுப்பாடு இல்லாதது, வார்த்தை விளையாட்டுக்குன்னே தொகுத்தது. மதினிக்கு அதுதான் தோது. காலின்ஸ் ஸ்கிராபிள் பட்டியலோட 2019 பதிப்புல 2,79,000-க்கு மேல இருக்கு. ஆனா அதைப் பிள்ளைங்க கையில கொடுத்தா தொலைஞ்சோம். க்யூ, ஐ ரெண்டெழுத்து மட்டும் சேர்ந்து ஒரு வார்த்தையா, செல்லுமான்னு கேப்பாவ. செல்லும்! நம்ம ஃபக்கீர் கூட யூ இல்லாத க்யூ-வோட அதுல உண்டு.

ஸ்கிராபிளைக் கண்டுபிடிச்ச ஆல்ஃபிரட் பட்ஸ் அமெரிக்கக் கட்டடக் கலைஞர். எந்த எழுத்து எவ்வளவு புழங்குதுன்னு செய்தித்தாளை வச்சு எண்ணித்தான் கட்டைகளைப் பிரிச்சாரு. மொத்தம் 100 கட்டை. ஈ மட்டும் 12. என்-னும் திருநெல்வேலி டி-யும் ஆறாறு. க்யூ, இசட் ஒவ்வொண்ணு, ஆளுக்குப் பத்துப் பாயிண்ட். அதைப் பார்த்தா நம்ம பிளேட்டுல டிஎன் இருக்கிறது எம்புட்டுப் பாக்கியம்னு தெரியும். கேரளாக்காரனுக்குக் கேஎல், கர்நாடகாவுக்குக் கேஏ. கே அஞ்சு பாயிண்ட் எழுத்து. செங்கோட்டை தாண்டிட்டா இந்த விளையாட்டு ஓடாது.

மதினி, பாயிண்ட் கொடுக்கவும் இதையே வச்சுக்கிடலாம். சீரிஸ் எழுத்துக்கு ஸ்கிராபிள் மதிப்பு எவ்வளவோ அதைக் கொடுங்க. பிகே-வுக்கு மூணும் அஞ்சும் எட்டு. க்யூஇசட் வந்தா இருபது. எவன் எந்த வண்டியைத் தேடி ஓடுதான்னு பாருங்க அப்புறம்.

வள்ளியூர் காத்தாடி

பஸ் வழக்கை நம்பரா மாத்திப் பார்த்தா இன்னும் தெளிவா இருக்கும்.

ஏ-க்கு 1, பி-க்கு 2, சி-க்கு 4-ன்னு இரட்டிச்சுக்கிட்டே போனா என்-னுக்கு 8,192, டி-க்கு 5,24,288. டிஎன் ரெண்டும் சேர்ந்தா 5,32,480. வார்த்தையையும் இதே மாதிரி ஒரு நம்பராக்கி, ஒரே கட்டத்துல ஒப்பிட்டு எழுத்தெல்லாம் உள்ளே இருக்கான்னு சொல்லிரலாம். 26 பிட் போதும், எழுத்துக்கு ஒரு பல்பு மாதிரி, வேகம்னா வேகம். ஆனா என்-னை ரெண்டு தடவை போட்டாலும் அந்த பிட் ஒருக்காதான் எரியும். பஸ் தோத்துரும்.

பகா எண் வச்சா பஸ் ஜெயிக்கும். ஏ-க்கு 2, பி-க்கு 3, சி-க்கு 5-ன்னு கொடுத்துட்டே போங்க. என் பதினாலாவது எழுத்து, 43. டி இருபதாவது, 71. வார்த்தைன்னா எழுத்தெல்லாம் பெருக்குன தொகை. டிஎன்என் = 71 × 43 × 43 = 1,31,279. எந்த வார்த்தையோட தொகை இதால மீதியில்லாம வகுபடுதோ அதுக்குள்ள ஒரு டி-யும் ரெண்டு என்-னும் கண்டிப்பா இருக்கு. ‘டென்னிஸ்’ 222,53,10,329. வகுத்தா 16,951, மீதி இல்லை. ‘ஸ்டேஷன்’ல 43 ஒரு தடவைதான் உண்டு, வகுபடாது. பகாக் காரணி பாடம் நடத்துற மதினிக்கு இதைவிட உதாரணம் வேணுமா?

ஜங்ஷன் கோடு

அழகு, ஆனா சொந்தமா எழுதுறவங்க ஒண்ணு கவனிக்கணும். 32 பிட் முழு எண்ணுக்கு உச்ச எல்லை 214,74,83,647. டென்னிஸ் ஆறே எழுத்து, அதுவே எல்லையைத் தாண்டியாச்சு. சி, ஜாவான்னு எழுதுனா நம்பர் சுத்திக்கிட்டு மைனஸ்ல போய் நிக்கும், தப்பான வார்த்தை பாஸாயிரும். எக்செல் 15 இலக்கத்துக்கு மேல துல்லியமா வச்சுக்கிடாது, நீள வார்த்தைக்கெல்லாம் உளறும். பைத்தான்ல எண்ணுக்கு எல்லை இல்லைங்கிறதால அங்க மட்டும் கவலை இல்லை.

கல்லிடை அப்பளம்

ஏவே, ஒண்ணே முக்கால் லட்சம் வார்த்தையை எந்தத் தந்திரமும் இல்லாம வரிசையா எண்ணினாலே கண்ணு மூடித் திறக்கிறதுக்குள்ள முடிஞ்சிருமே. அதுக்குப் பகா எண்ணு, பிட்டுன்னு! ரசிக்கலாம், சரி. மதினிக்குக் கவுண்டர் போதும், இல்லைன்னா எக்செல் போதும்.

வழக்குல நான் பையன் பக்கம். காரணம் கம்ப்யூட்டர் இல்லை. ஒரே என் போதும்னு விட்டா, அரசு பஸ்தான் ரோட்டுலேயே லேசான பிளேட்டாயிரும். டி-யும் என்-னும் உள்ள எந்த வார்த்தையும் செல்லும், சும்மா கண்ணை மூடிக்கிட்டுச் சொல்லலாம். புதிய பஸ் ஸ்டாண்டு பக்கம் நின்னா பாயிண்ட் மழைதான். ரெண்டு என் வேணும்னு வச்சாத்தான் பஸ்ஸுக்கு ஒரு மதிப்பு.

பேட்டை மதினி

ஆனா அந்தப் பிள்ளை ஆறாம் வகுப்பு முடிச்சு இப்பதான் ஏழாவது வந்திருக்கா. பாவமா இருக்கு.

பாளை வாத்தியார்

ஒளிஞ்சிருக்கிற வார்த்தையை ஊகிக்கிற வேர்டில் ஆடுற பிள்ளைங்களா இருந்தா அதையே சாட்சிக்குக் கூப்பிடுங்க. நீங்க போட்ட வார்த்தையில ரெண்டு என் இருந்து, விடையில ஒண்ணுதான்னா, ஒரு என்-னுக்குத்தான் நிறம் கிடைக்கும், மத்தது சாம்பலாயிரும். அதுவும் எண்ணிக்கை பார்க்குது. ஸ்கிராபிள்லயும் ஒரு கட்டையை ரெண்டு இடத்துல வைக்க முடியாது. அதனால பையன் சொன்னதுதான் முறை. சின்னவளுக்கு வேணும்னா ஒரு என்-னுக்கு அரைப் பாயிண்ட் கொடுங்க. ஆனா விளையாட்டு தொடங்குறதுக்கு முன்னாடி அதைச் சொல்லிரணும், சண்டை வந்த பிறகு விதி போட்டா எந்தப் பிள்ளையும் ஒத்துக்கிடாது.

அம்பை அண்ணாச்சி

பிளேட்டு சலிச்சுப் போச்சுன்னா ஒரு புதிர். நெல்லையை இங்கிலீஷ்ல எழுதுனா என், ஈ, எல், எல், ஏ, ஐ. எல் ரெண்டு, எண்ணிக்கை கணக்குதான். இந்த ஆறும் உள்ள வார்த்தை சொல்லுங்க பார்ப்போம். ‘ஏலியன்’ செல்லாது, அதுல ஒரு எல்-தான்.

வள்ளியூர் காத்தாடி

‘இன்ஸ்டால்ட்’. ‘சேலஞ்சிங்’.

பாளை வாத்தியார்

‘எசென்ஷியலி’, ‘இன்டர்னலி’, ‘மில்லெனியா’. இங்கயும் வால்தான் வேலை செய்யுது: ஏ-எல்-எல்-ஒய்-னு முடிஞ்சா ரெண்டு எல்-லும் ஏ-வும் வந்தாச்சு, பாக்கி என், ஈ, ஐ மூணுதான்.

டவுன் கணக்கர்

‘மீனியலி’, எட்டே எழுத்து. இதைவிடச் சின்னது உண்டா?

அம்பை அண்ணாச்சி

‘மனில்’, ஏழு எழுத்து. பழைய சீட்டாட்டத்துல ஒரு சீட்டோட பேரு. ஸ்கிராபிள்ல செல்லும்.

கல்லிடை அப்பளம்

யாருக்குமே தெரியாத வார்த்தையை வச்சு ஜெயிக்கிறது ஜெயிப்பா அண்ணாச்சி? அர்த்தம் சொன்னாத்தான் பாயிண்ட்னு மதினி ஒரு விதி வச்சிருங்க. பட்டியலைப் பார்த்து மனப்பாடம் பண்ணிட்டு வர்றவனும் அதுல மாட்டுவான்.

பேட்டை மதினி

அந்த விதி பிடிச்சிருக்கு, வச்சாச்சு. எனேபிள் பட்டியலை எக்செல்ல ஏத்திட்டேன், கணக்கர் சொன்ன மாதிரி காலம் போட்டு ஏக்யூ-வைத் தேடுனா ‘குவான்டிட்டி’யும் வருது. பஸ்ஸுக்கு ரெண்டு என், ஏழாம் வகுப்புக்கு ஒரு என்-னுன்னா அரைப் பாயிண்ட். பிள்ளைங்க இப்போ கேக்குறது: இதையே தமிழ்ல ஆடலாமா மிஸ்-ங்குதாவ.

ஜங்ஷன் கோடு

ஆடலாம், ஆனா எக்செல் ஃபார்முலாவை அப்படியே போட்டா ஆகாது. நமக்கு நெல்லைன்னா நெ, ல், லை மூணு எழுத்து. கம்ப்யூட்டருக்கு ஆறு: ந, ஒற்றைக் கொம்பு, ல, புள்ளி, ல, ஐகாரக் குறி. அதுகிட்ட ‘ல’ இருக்கான்னு கேட்டா, ல்-லையும் லை-யையும் காட்டி இருக்குன்னு சொல்லிரும். பைத்தான்ல ‘ஓப்பன் தமிழ்’னு ஒரு நிரல் தொகுப்பு இருக்கு, வார்த்தையைக் கொடுத்தா தமிழ் எழுத்தா பிரிச்சுத் தரும். பிரிச்ச பிறகு அதே கவுண்டர்தான். பெரிய தலைவலி வார்த்தைப் பட்டியல்லதான். நெல்லை, நெல்லையில, நெல்லைக்குன்னு வேற்றுமை ஏறி ஏறி வரும், எதைப் பட்டியல்ல சேர்க்க, எதை விட?

மட்டுறுத்துநர்

அது தனிக் கதை. தமிழ்ப் பட்டியலுக்குப் புது இழை தொடங்கியிருக்கேன், ஜங்ஷன் கோடு தம்பி இந்தப் பதிவை அங்க ஒருக்கா ஒட்டிருங்க. இதுல பிளேட்டு வார்த்தைகள் மட்டும் தொடரட்டும்.